சாய்ப்புக்குச் சொந்தக் கால் வேண்டும்

பழைய கருங்கல் வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு இறக்க வேண்டும் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். வெல்டர், கொத்தனார், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதிலைத் தருவார்கள். "அதான் கல்லுச் சுவரு இருக்கே! நாலஞ்சு ஆங்கர் போல்ட்டு அடிச்சு ஆங்கிளை மாட்டிரலாம். முன்னாடி மட்டும் பைப்பு நட்டாப் போதும். சந்துல சிமென்ட்டு வச்சு அடைச்சிட்டா ஒரு சொட்டு ஒழுகாது."

திண்டுக்கல், கரூர், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று கருங்கல் தாராளமாகக் கிடைத்த ஊர்களில் எல்லாம் இந்தப் பேச்சுதான் நடைமுறை. மாட்டுக்கு நிழல், வண்டிக்கு ஒதுக்கிடம், விறகுக்கு மறைவு என்று எது தேவைப்பட்டாலும் பழைய சுவரில் துளை விழுகிறது. சுவர் தாங்கும், போல்ட் பிடிக்கும், சிமென்ட் அடைக்கும் என்ற மூன்று நம்பிக்கைகளின் மேல் இந்த வழக்கம் நிற்கிறது. பழைய கல் சுவரைப் பொறுத்தவரை மூன்றுமே பிழை. சாய்ப்பைச் சுவரில் தொங்கவிடக் கூடாது. சுவரை ஒட்டியும் அதன்மேல் பாரம் வைக்காமலும், நான்கு புறமும் தன் சொந்தக் காலில் அது நிற்க வேண்டும்.

கல் சுவர் என்றதும் நம் மனத்தில் எழுவது பாறை. ஒன்றரை அடி, இரண்டடி கனம் என்றால் அத்தனையும் ஒரே கட்டி என்று நம்பிவிடுகிறோம். நம் ஊர்ப் பழைய சுவர்கள் பெரும்பாலும் அப்படிக் கட்டப்படவில்லை. வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை என்று இரண்டு முகங்களைக் கல்லால் எழுப்பி, நடுவில் சில்லுக் கல்லும் சக்கையும் மண்ணும் போட்டு நிரப்பியிருப்பார்கள். வசதியான வீடு என்றால் சுண்ணாம்புச் சாந்து. அல்லாத வீட்டில் உள்ளே முழுக்க மண் சாந்து, வெளியில் தெரியும் சந்துகளில் மட்டும் சுண்ணாம்பு. இரண்டு முகங்களையும் சேர்த்துப் பிடிப்பவை சுவரின் முழுக் கனத்துக்கும் குறுக்கே கிடத்திய பிணைப்புக் கற்கள்தான். அவை எத்தனை இருக்கின்றன, எங்கே இருக்கின்றன என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. சில சுவர்களில் அவை இருப்பதே இல்லை.

இது எத்தனை பெரிய பலவீனம் என்பதை 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மராட்டியத்தின் கில்லாரியில் நேர்ந்த நில நடுக்கம் காட்டியது. லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் அன்று இறந்த சுமார் 8,000 பேரில் பெரும்பாலோர் சொந்த வீட்டின் கனத்த கல் சுவர்களுக்கு அடியில் புதைந்தவர்கள். சுவர்கள் விழுந்தது அவை மெலிதாக இருந்ததால் அல்ல. உள்முகமும் வெளிமுகமும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, ஆளுக்கொரு பக்கம் சரிந்தன. நில நடுக்கத்தைத் தாங்க வேண்டிய கல் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதிகள் உயரத்தில் 60 செ.மீ.க்கு ஒன்று, நீளத்தில் 1.2 மீட்டருக்கு மிகாமல் ஒன்று என்று பிணைப்புக் கல் கேட்பது இதற்காகத்தான். சாய்ப்பு இறக்குவது நில நடுக்கம் இல்லை என்று சிலர் சொல்லலாம். சரிதான். ஆனால் கனம் பார்த்து வலிமையை அளக்கும் பழக்கத்தைக் கைவிட கில்லாரி ஒன்றே போதும். அழுத்தினால் இந்தச் சுவர்கள் அசையாது. இழுத்தால் பிரிந்துவிடும்.

சாய்ப்பு சுவரை அழுத்துவதில்லை, இழுக்கிறது. வழக்கமான யோசனையின் ஆதாரப் பிழை இங்கேதான். "இந்தத் தகரம் என்ன பெரிய கனம்? கல்லுச் சுவரு தாங்காதா?" என்று கேட்கிறார்கள். தகரம் கனமில்லை என்பதே ஆபத்து. 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்று ஒரு சாய்ப்பை எடுத்துக்கொள்வோம், 18 சதுர மீட்டர். தகடு, பர்லின், ஆங்கிள் எல்லாம் சேர்த்து 250 கிலோவுக்குள் அடங்கிவிடும். இப்போது காற்றைக் கணக்கிடுங்கள். இந்தியக் காற்றுச் சுமை விதியான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, கோவைக்கும் மதுரைக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர் என்கிறது. சென்னைக்கு 50 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் அழுத்தம் வரும். 39 மீட்டர் வேகத்துக்கு அது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 90 கிலோ, 50 மீட்டருக்கு 150 கிலோ. கூரையின் சரிவைப் பொறுத்தும், எத்தனை பக்கம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தும் இதில் கூடும், குறையும். முழு அழுத்தத்தையும் வைத்துத் தோராயமாகப் போட்டால் மதுரைச் சாய்ப்பை 1.6 டன் விசை மேல்நோக்கித் தூக்குகிறது. கீழே இழுத்துப் பிடிப்பதோ வெறும் 250 கிலோ.

சாய்ப்புக்கு இதில் கூடுதல் கேடு ஒன்று உண்டு. மூன்று பக்கம் திறந்து நான்காவது பக்கம் சுவராக இருப்பதால், முன்னிருந்து வரும் காற்றுக்குப் போக வழி இல்லை. சுவரில் மோதித் திரும்பி, கூரையை அடியிலிருந்து முட்டுகிறது. சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் சுழற்றியடிக்கும் அரைமணி நேரக் காற்றில் தகரங்கள் பறப்பதை உள்நாட்டு ஊர்க்காரர்கள் அறிவார்கள். 2011இல் தானே புயலும் 2018இல் கஜா புயலும் கடலோரத்துக்குக் காட்டியதைச் சொல்லவே வேண்டாம். "சுவர் எவ்வளவு கனம் தாங்கும்" என்பது கேட்க வேண்டிய கேள்வியே அல்ல. மேலே பறக்கப் பார்க்கும் ஒன்றை எது பிடித்துவைக்கும் என்றுதான் கேட்க வேண்டும்.

அந்த இழுப்பில் பாதியையாவது சுவர்ப்பக்கத்து போல்ட்டுகள் ஏற்க வேண்டும். நான்கு போல்ட் என்றால் ஒவ்வொன்றுக்கும் 200 கிலோ அளவில் வரும். நல்ல இரும்பு போல்ட்டுக்கு இது பெரிய சுமை இல்லை. முழுக் கருங்கல்லுக்கும் இல்லை. ஆனால் போல்ட் பிடித்திருப்பது சுவரை அல்ல, ஒரு கல்லை. ஒரு அடி நீளம், முக்கால் அடிக்கும் குறைந்த உயரமும் ஆழமும் கொண்ட கல்லின் எடை 30 கிலோ சொச்சம். அதைச் சுற்றியிருப்பது நூறாண்டு பார்த்த சுண்ணாம்பு, அல்லது வெறும் மண். அந்தக் கல்லை இடத்தில் வைத்திருப்பது அதன்மேல் ஏறியிருக்கும் வரிசைகளின் பாரம்தான். சாய்ப்பின் ஆங்கிளை நாம் எங்கே வைக்கிறோம்? தலை முட்டக் கூடாது, சரிவு கிடைக்க வேண்டும் என்று சுவரின் உச்சிக்கு அருகில் வைக்கிறோம். மேலே இரண்டு மூன்று வரிசை மட்டுமே எஞ்சியிருக்கும் இடம் அது. சுற்றுச் சுவராக இருந்தால் அதற்கு மேல் கூரைப் பாரம்கூடக் கிடையாது. சுவர் மிக எளிதாக இளகக்கூடிய இடத்தைத் தேடிப்பிடித்து, மிகக் கடுமையான இழுப்பை அங்கே மாட்டுகிறோம்.

"அந்தக் காலத்தில் இதே சுவரில் விட்டம் ஏற்றவில்லையா?" என்ற கேள்வியை மதிப்போடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற்றினார்கள். சுவர் எழும்பும்போதே, விட்டம் வரும் இடத்தில் அகலமான கல்லைக் கிடத்தி, அதன்மேல் உட்காரவைத்தார்கள். பாரம் சுவரின் உடம்புக்குள் நேராகக் கீழே இறங்கியது. ஓட்டுக் கூரையின் எடை சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல், அதாவது இன்றைய தகரச் சாய்ப்பைப் போல மூன்று நான்கு மடங்கு. அந்த எடையே காற்றுக்கு எதிரான பிடிமானமாகவும் இருந்தது. உட்கார்ந்த கூரையைக் காட்டி, தொங்கும் கூரைக்கு நியாயம் கேட்க முடியாது. கூரைச் சாய்ப்பு இறக்கியபோதுகூட நம் ஆட்கள் கவைக்கால் நட்டு, அதன்மேல்தான் வாரையைக் கிடத்தினார்கள். சுவரில் துளை போடும் பழக்கம் ஹேமர் டிரில்லோடு வந்தது. அதற்கு மரபின் பெயரைச் சூட்டக் கூடாது.

துளை போடும் வேலையையே கவனியுங்கள். கருங்கல்லில் டிரில் இறங்கும்போது முதலில் சாம்பல் வெள்ளையில் மாவு வரும். நான்கைந்து அங்குலம் போனதும் திடீரென்று பிட் விழுந்ததுபோல உள்ளே ஓடி, செம்மண்ணோ காரையோ கொட்டும். முகக் கல் முடிந்து நடு நிரப்பு தொடங்கிவிட்டது என்று சுவரே சொல்கிறது. கேட்பார் இல்லை. இன்னும் நீளமான போல்ட்டை எடுத்து அடிக்கிறார்கள். இறுக்க இறுக்க விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டுக்குச் சுற்றிலும் திடமான பொருள் வேண்டும். சக்கையில் அது விரிந்துகொண்டே போகும், பிடிக்காது. கல்லின் விளிம்புக்கு அருகே போட்டால் விளிம்பு தெறிக்கும். சந்தில் போட்டால் சாந்து உதிரும். சரியாகக் கல்லின் நடுவில் போட்டாலும், டிரில்லின் அதிர்வு அந்தக் கல்லைச் சுற்றியிருக்கும் பழைய சாந்தை உலுக்கிவிடுகிறது. கில்லாரிக்குப் பிறகு பழைய கல் சுவர்களுக்குள் கான்கிரீட் பிணைப்பு வைக்கும் முறையில்கூட, அடித்து இடிக்காமல் கற்களை மெல்ல நெம்பி எடுத்துத்தான் வழி செய்ய வேண்டும் என்று வகுத்தார்கள். அங்கே அத்தனை கவனம். இங்கே ஒரு பிற்பகலில் ஐந்து துளை.

இப்போது "கெமிக்கல் ஆங்கர் போட்டால் சரியாகிவிடும்" என்று ஒரு புதிய பதில் வருகிறது. பாதி உண்மை. பிசின் விரியாது, அதனால் கல்லைப் பிளக்காது. வலைக் குழாய் வைத்துச் செலுத்தினால் பொந்துள்ள சுவரிலும் ஓரளவு பிடிக்கும். ஒழுங்காகச் செதுக்கிய பெரிய கற்களை நெருக்கி அடுக்கிய சுவரில், ஒவ்வொரு போல்ட்டையும் இழுத்துச் சோதித்த பின், ஒரு விளக்கையோ சிறு பலகையையோ அதில் மாட்டுவதை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் பிசின் போல்ட்டைக் கல்லோடுதான் ஒட்டுகிறது. கல்லைச் சுவரோடு ஒட்டுவதில்லை. காற்று இழுக்கும்போது போல்ட் கல்லை விடாது, கல் சுவரை விட்டு வரும். நல்ல பிசின் என்றால் சேதம் இன்னும் பெரிதாகும்.

காற்று ஆண்டுக்குச் சில நாள்தான். வெயில் தினமும் உண்டு. 6 மீட்டர் இரும்பு ஆங்கிள், விடியற்காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் இடையே 45 டிகிரி சூடேறினால் 3 மி.மீ.க்கு மேல் நீளும். கனத்த கல் சுவர் அந்த வேகத்தில் சூடாகவும் மாட்டாது, அந்த அளவுக்கு நீளவும் மாட்டாது. நடுவில் மாட்டிக்கொண்ட போல்ட் தினமும் ஒரு தரம் அங்கும் ஒரு தரம் இங்கும் நெம்பும். அதோடு மண்ணின் ஆட்டம் சேர்கிறது. பழைய சுவர் தன் அஸ்திவாரத்தில் அமர்ந்து பல காலம் ஆகிவிட்டது. நேற்று நட்ட முன்கால்களோ இனிமேல்தான் அமர வேண்டும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலாக இருந்தால் மழையில் உப்பி, கோடையில் வெடித்து, கால்களை ஏற்றி இறக்கும். ஒரு பக்கம் அசையாத சுவர், மறுபக்கம் அசையும் கால். இந்த முரண் முழுவதும் அந்த நாலைந்து துளைகளில்தான் வந்து இறங்குகிறது. முழுச் சட்டமும் சொந்தக் காலில் நின்றால் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். சுவருக்கு அதில் வேலை இல்லை.

மூன்றாவது நம்பிக்கை சிமென்ட். தகரம் சுவரைத் தொடும் சந்தில் சிமென்ட் கலவையை அப்பினால் ஒழுகாது என்கிறார்கள். தினமும் நீண்டு சுருங்கும் தகரத்துக்கும் அசையாத கல்லுக்கும் நடுவே இறுகிப்போன சிமென்ட் ஒரு மழைக்காலம் தாங்கினாலே அதிகம். மயிரிழை வெடிப்பு விழும், அதன் வழியே நீர் இறங்கும். அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் சிமென்ட், அதற்கடுத்த ஆண்டு தார். இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. "ஆனது ஆச்சு, சுவர் முழுக்கச் சந்தை அடைச்சிருவோம்" என்று பழைய சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிமென்ட் பூசுகிறார்கள். கருங்கல் நீரை உறிஞ்சுவதும் இல்லை, விடுவதும் இல்லை என்றே சொல்லலாம். அப்படிப்பட்ட சுவரில் உள்ளே போன ஈரம் வெளியேற இருக்கும் ஒரே பாதை சந்துகளில் உள்ள சுண்ணாம்பு. அதைச் சிமென்ட்டால் மூடினால் தரையிலிருந்து ஏறிய ஈரமும், வெடிப்பில் இறங்கிய மழையும் நடு நிரப்பிலேயே தேங்கும். மண் கரையும், சக்கை கீழே இறங்கும், சுவர் வயிறு தள்ளும். வெளியில் பார்த்தால் புதுச் சிமென்ட் கோடு பளிச்சென்று இருக்கும். உள்ளே சுவர் இளகிக்கொண்டிருக்கும்.

சரி, எப்படித்தான் செய்வது? முதலில் தூக்குக்குண்டு விட்டுச் சுவரைப் பாருங்கள். வயிறு தள்ளியிருந்தால் சாய்ப்பைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். சுவர் நேராக இருந்தால், பின்கால்களைச் சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டடி தள்ளி நடுங்கள். பழைய சுவர்களின் அஸ்திவாரம் பல சமயம் ஆழமில்லாதது. அதை ஒட்டிக் குழி பறித்தால் சுவரின் காலையே வாருகிறோம். தள்ளி நட்ட கால்களின் மேல் விட்டத்தைக் கிடத்தி, கைமரத்தைச் சுவர்ப்பக்கம் நீட்டிவிட்டால் நிழல் சுவர்வரை வரும், பாரம் வராது.

கீழே பிடித்துவைக்கும் வேலையை மண்ணுக்குள் இருக்கும் கான்கிரீட்டிடம் கொடுங்கள். ஒன்றரை அடிச் சதுரம், இரண்டடி ஆழம் என்று ஒரு குழியை நிரப்பினால் 290 கிலோ அளவில் எடை. ஆறு கால்களுக்கு 1,700 கிலோவைத் தாண்டும். நாம் கணக்கிட்ட 1.6 டன் இழுப்புக்கு அது நேருக்கு நேர் பதில். சட்டத்தின் சொந்த எடை அதற்கு மேல் கையிருப்பு. கடலோரம் என்றால் குழி இரண்டடிச் சதுரம் ஆக வேண்டும். காலின் அடியில் தகடோ குறுக்குக் கம்பியோ பற்றவைத்துக் கான்கிரீட்டுக்குள் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் பைப் மட்டும் உருவிக்கொண்டு வரும். சட்டம் பக்கவாட்டில் ஆடாமல் இருக்க, பின்கால்களுக்கு இடையே குறுக்கு நெடுக்காகக் கம்பி கொடுங்கள். அந்தப் பக்கம் சுவர்தானே, யாரும் நடக்கப்போவதில்லை. தாழ்வான மாட்டுச் சாய்ப்புக்குக் கல்லுக்காலே போதும். கம்பம் பள்ளத்துத் திராட்சைப் பந்தல்களைத் தாங்குவது அதுதான். அரையடிச் சதுரத்தில் எட்டடிக் கல்லுக்கால் ஒன்று 150 கிலோ அளவில் இருக்கும். அதில் துளை போடாமல், பட்டைக் கம்பியால் தலையைக் கட்டிவிடலாம்.

சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இருக்கும் சந்தைச் சிமென்ட் இல்லாமல் மூட வேண்டும். வீட்டுக் கூரைக்கு இறவாரம் இருந்தால், தகரத்தை அதற்கு அடியில் அரையடி உள்ளே தள்ளிவிடுங்கள், வேலை முடிந்தது. இறவாரம் இல்லையென்றால், மடித்த தகட்டுப் பட்டை ஒன்றைச் சுவரில் கற்களுக்கு இடையே உள்ள சந்துக்குள் செருக வேண்டும். கற்களை அறுக்காமல், சந்தின் போக்கிலேயே படிப்படியாக, கை உளியால் ஒரு அங்குலம் தோண்டி, பட்டையின் மேல்விளிம்பைச் செருகிச் சுண்ணாம்புச் சாந்தால் மூடுங்கள். பட்டையின் கீழ்விளிம்பு தகரத்தின்மேல் அரையடி கவிந்து நிற்கட்டும். இரண்டையும் திருகு போட்டு இணைக்காதீர்கள். தகரம் நீளும், சுருங்கும், பட்டை அப்படியே நிற்கும். மழை சுவரிலிருந்து பட்டைக்கும், பட்டையிலிருந்து தகரத்துக்கும் வழிந்து போகும். சுவரைத் தொடுவது இந்த ஒன்றுதான். அதற்கும் பாரம் கிடையாது. நாளைக்குக் கழற்றினால் ஒரு பிடி சுண்ணாம்பில் சுவர் பழையபடி ஆகிவிடும்.

செலவு கூடும் என்பதை மறுக்க மாட்டேன். மூன்று கால், மூன்று குழிக் கான்கிரீட், ஒரு விட்டம் கூடுதல். பின்கால்கள் கொஞ்சம் இடத்தையும் எடுக்கும். ஆனால் எதைப் பணயம் வைத்து இந்தத் தொகையை மிச்சப்படுத்துகிறோம்? சாய்ப்பு பறந்தால் வேறு சாய்ப்பு போடலாம். உச்சி வரிசைகள் பெயர்ந்து வயிறு தள்ளிய கல் சுவரைத் திரும்ப அடுக்க, கல் பார்த்துக் கல் வைக்கத் தெரிந்த கைகள் வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்துச் சாந்து கூட்டத் தெரிந்தவர்கள் வேண்டும். அவர்கள் ஊருக்கு ஊர் அருகிவருகிறார்கள். அந்தச் சுவர் விழுந்தால் அந்த இடத்தில் எழும்பப்போவது ஹாலோ பிளாக்தான். மேலும் சுவர் விழும்போது சாய்ப்புக்கு அடியில் இருப்பது மாடாகவும் இருக்கலாம், மழைக்கு ஒதுங்கிய குழந்தையாகவும் இருக்கலாம்.

"எங்க வீட்டுச் சாய்ப்பு பத்து வருஷமா அப்படியே நிக்குதே" என்பது கடைசி வாதம். நிற்கிறது, ஏனென்றால் விதி கணக்கில் எடுக்கும் காற்று அதன்மேல் இன்னும் வீசவில்லை. பத்தாண்டு வெயிலில் அந்தத் துளைகள் எவ்வளவு அகன்றிருக்கின்றன என்று பார்க்க, ஏணி வைத்து ஏறி ஆங்கிளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். வாசருக்கு அடியில் துருவும் காரைத் தூளும் இருக்கும். விழாதது என்பதும் பத்திரமானது என்பதும் ஒன்றல்ல. விழுந்த சாய்ப்புகளின் சொந்தக்காரர்கள் எல்லோரும் அதற்கு முதல் நாள்வரை இதே வாதத்தைச் சொன்னவர்கள்தான்.

வெல்டர்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. கேட்டதைக் குறைந்த விலையில் செய்து தருவது அவர்கள் பிழைப்பு. கேட்கும் நாம்தான் கேள்வியை மாற்ற வேண்டும். அடுத்த முறை விலை கேட்கும்போது, சுவரில் ஒரு போல்ட்கூட இல்லாமல் செய்ய எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். காலடிக் கான்கிரீட்டின் அளவை எழுதி வாங்குங்கள். சந்துக்குச் சுண்ணாம்பு என்று சொல்லுங்கள். இத்தனையும் சேர்ந்தாலும், நூறாண்டு நின்ற ஒரு சுவரை இன்னும் நூறாண்டுக்கு நிற்கவிடுவதற்கு அது மலிவான விலைதான்.